நடுவரும் நட்பும்

பல்கலைக்கழக ஆய்வாளர் மானியம் வேண்டி அனுப்பும் ஆய்வுத் திட்டத்தை அத்துறை வல்லுநரே படித்து மதிப்பிடுவது உலகெங்கும் வழங்கிவரும் முறையாகும். துறையறிவு உடையாரே துறையறிவை அளக்க இயலும் என்னும் அதன் அடிப்படையைக் குறைகூற இடமில்லை. ஆயின், அளப்போரும் அளக்கப்படுவோரும் ஒரே சிறு வட்டத்தினராய் இருக்கையில் அளவுகோல் நேராக நிற்குமா என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

இவ்வினாவிற்குச் சான்று காட்டி விடையிறுத்தோர் சுவீடன் நாட்டு அறிவியலறிஞர்களான கிறிஸ்டின் வென்னராஸ், அக்னேஸ் வோல்ட் என்னும் இரு பெண்மணிகள். அந்நாட்டு மருத்துவ ஆய்வு மன்றத்திடம் 1995இல் முனைவர் பட்டத்திற்குப் பிந்திய ஆய்வு உதவி வேண்டியோர் 114 பேர். அவருள் பெண்கள் 52 பேர். தேர்வுற்ற 20 பேருள்ளோ பெண்கள் நால்வரே. நடுவர் இட்ட மதிப்பெண்களை மன்றம் வெளியிட மறுத்தது. அவை பொது ஆவணங்களே என நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே இருவர் கைக்கும் எட்டின.

ஆய்வாளரின் தகுதி, ஆய்வுமுறை, ஆய்வின் பயன் ஆகிய மூன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, அவற்றைப் பெருக்கிக் காண்பது அம்மன்றத்தின் வழக்கம். பெருக்கல் என்பது இங்கு நோக்கத்தக்கது. தகுதியில் மட்டும் ஒரு புள்ளி குறைந்தாலும் 64 என்பது 48 ஆகிவிடும். அத்தகுதிப் புள்ளியிலேதான் கோணல் இருந்தது. ஆடவர் ஒருவருக்கு இணையான தகுதி மதிப்பெண் பெற, பெண்ணொருத்தி ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வுப் படைப்பு உடையவளாய் இருத்தல் வேண்டும் என்று 1997இல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதினர். ஓராண்டின் 114 விண்ணப்பங்களைக் கொண்டு எல்லா நாட்டையும் பழித்தல் தகாது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இத்துணைப் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

அக்கட்டுரையில் பலர் எளிதாகக் கடந்துசென்ற பகுதி வேறொன்று. விண்ணப்பதாரரோடு தொடர்புடைய நடுவர் மதிப்பெண் இடாமல் ஒதுங்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அவரும் ஒதுங்கினார். எனினும் எஞ்சிய நடுவரே அவ்விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கினர்! பெண்ணாய்ப் பிறந்ததால் ஒருத்தி இழந்ததை, குழுவில் அறிந்தவர் ஒருவர் இருப்பதால் ஏறக்குறைய முழுமையாக ஈடுசெய்துகொள்ள முடிந்தது. அறிந்தவர் எவரும் இல்லாத பெண்ணின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

சுவீடனின் மருத்துவ ஆய்வு மானியத்திற்கு 2004இல் வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்த வேறிருவர் தம் முடிவை 2008இல் வெளியிட்டனர். பெண்கள்பால் இருந்த குறை மறைந்து, அவர் மதிப்பெண் 10 விழுக்காடு உயர்ந்தே இருந்தது. ஊரறிய வெளிப்பட்ட குற்றம் திருத்தம் பெற்றது. நடுவரோடு தொடர்புடையார்க்கோ 15 விழுக்காடு கூடுதல் அப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒதுங்கும் விதி ஒன்று ஏட்டில் இருந்தமையால், அதனை எவரும் குற்றமாகக் கருதவில்லை போலும்.