ஜமைக்காவில் எழுதப்பட்ட ஒரு தொழுகை நூல்

கரீபியன் தீவுகளின் அடிமை வரலாறு பெரும்பாலும் உடைமையாளரின் ஏடுகளிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. தோட்டக் கணக்குகள், கப்பல் பதிவுகள், ஆளுநர்களின் கடிதங்கள், பாதிரிமாரின் நாட்குறிப்புகள் ஆகியவையே அதன் மூலங்கள். அடிமைப்பட்டோர் தம் கைப்பட எழுதி வைத்தவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஜமைக்காவில் அரபு மொழியில் எழுதப்பட்ட இரு ஆக்கங்கள் குறிப்பிடத்தக்கன. ஒன்று, அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பார் 1834இல் எழுதிய தன்வரலாறு. மற்றொன்று, முஹம்மத் கபா ஸகனூகு என்பார் 1820ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'கிதாபுஸ் ஸலாத்' எனும் தொழுகை நூல். அண்மைக் காலத்தில் இவை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்த அளவுக்கு இவை வாசிக்கப்படுகின்றனவா என்பதே நம் வினா.

அபூபக்ர் திம்புக்துவில் பிறந்து ஜென்னே நகரில் வளர்ந்தவர். இன்றைய ஐவரி கோஸ்ட்டின் வடகிழக்கிலுள்ள புவ்னாவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அந்நகர் போரில் வீழ்ந்தது. இளம்பருவத்திலேயே சிறைபிடிக்கப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், கப்பலேற்றப்பட்டு ஜமைக்காவில் விற்கப்பட்டார். தோட்டத்தின் கணக்குகளை ஆங்கிலச் சொற்களாலும் அரபு எழுத்துகளாலும் அவர் எழுதிவந்தார். அரபுத்தமிழை அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்வழக்கம் வியப்பளிக்காது. அவருடைய அரபு எழுத்தைக் கண்ணுற்ற அயர்லாந்து மருத்துவரும் நீதித்துறை அதிகாரியுமான ரிச்சர்ட் ராபர்ட் மாடன், 1834இல் அவருடைய விடுதலைக்கு முயன்று வெற்றி பெற்றார். 1835இல் தாம் வெளியிட்ட நூலில் அவருடைய வரலாற்றையும் சேர்த்தார்.

மாடனின் நன்முயற்சியில் ஐயமில்லை. எனினும் அவர் வாதம் எத்தகையது என்பதை ஆராய வேண்டும். 'இவர் கற்றவர், நற்குடியில் பிறந்தவர். ஆகவே விடுவிக்கப்பட வேண்டியவர்' என்பதே அதன் சாரம். இவ்வாதத்தின் மறுபக்கம் அச்சமூட்டுவது. கல்வி விடுதலைக்குத் தகுதியெனில், கல்லாதவரின் நிலை என்ன? ஜமைக்காவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் அடிமைகள் அக்காலத்தில் இருந்தனர். பிரித்தானியப் பேரரசு 2 கோடி பவுண்டு இழப்பீட்டை உடைமையாளர்களுக்கே ஒதுக்கியது. உழைத்தவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. நம் எழுத்தாளர் சிலரும் மாடனின் வாதத்தையே வேறு சொற்களில் கூறுகின்றனர். முஸ்லிம் அடிமைகள் எழுத்தறிந்தோர் என்று பெருமிதம் கொள்ளும்போது, அருகே நின்று அதே சாட்டையடி பட்ட ஏனையோரைத் தம்மையறியாமலே ஒருபடி தாழ்த்திவிடுகின்றனர்.

அபூபக்ரின் நூலை அரபு இலக்கிய மரபறிந்தவர் படித்தால் வேறொன்று புலப்படும். அது ஊர், தந்தையர், கல்வி என்னும் வரிசையில் அமைந்துள்ளது. அறிஞர் வரலாறுகளை எழுதும் 'தர்ஜமா' மரபின் வரிசை இதுவே. ஆடை பறிக்கப்பட்டதும் கயிற்றால் கட்டப்பட்டதும் சுமை ஏற்றப்பட்டதும் அதனிடையே சில வரிகளில் சொல்லப்படுகின்றன. இறுதியில் தம் குடும்பத்தாரின் தொழுகையும் நோன்பும் ஏனைய கடமைகளும் விவரிக்கப்படுகின்றன. தாம் யாரென்று சொல்ல முற்பட்டவர், தோட்டத்தில் தமக்கிடப்பட்ட பெயரிலிருந்து தொடங்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்: மாடன் அச்சிட்டது, அபூபக்ர் தம் அரபு மூலத்தைப் படித்து வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல, மாடன் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட வடிவமாகும்.

முஹம்மத் கபாவின் நூல் இத்தகைய இடையீடின்றி அரபிலேயே நமக்குக் கிடைத்துள்ளது. 1777இல் ஏறத்தாழ 20 வயதில் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இவர், ஸ்பைஸ் குரோவ் என்னும் தோட்டத்தில் வாழ்ந்து 1845இல் மறைந்தார். மொராவியச் சபையார் இவருக்கு ஞானஸ்நானம் அளித்து ராபர்ட் பியர்ட் என்று பெயரிட்டனர். இவருடைய சுவடி பாப்திஸ்து மிஷன் ஆவணங்களுள் ஒன்றாக இங்கிலாந்தில் தங்கிவிட்டது. யாஸீன் தத்தி அத்தூன், பால் லவ்ஜாய் ஆகிய இரு ஆய்வாளர்களின் உழைப்பால் அது வெளிச்சத்துக்கு வந்தது.

ஏறத்தாழ 40 ஆண்டு அடிமைவாழ்வுக்குப் பின் எழுதுகோலை எடுத்தவர், தம் துயரக் கதையை எழுதவில்லை. தொழுகையைப் பற்றி எழுதினார். எழுத்துக்கூட்டலில் வழுக்கள் உள்ளன. வகுப்பறையில் இதனைத் திருத்த முற்படும் ஆசிரியருக்குச் சிவப்பு மை போதாது. ஆனால் நூலகமோ ஆசிரியரோ இல்லாத தீவில், இளமையில் ஓதியதை முதுமையில் நினைவிலிருந்து மீட்டு எழுதியவரின் கையெழுத்து இது. எந்தப் பாடம் மனத்தில் நிலைத்தது, எது தேய்ந்தது என்பதை அவ்வழுக்களே காட்டுகின்றன.

இந்நூலின் மௌனத்தைப் பணிவென்று கருதுவோர் உளர். அவர் பிறந்த ஸகனூகு குலம் மேற்காப்பிரிக்காவில் புகழ்பெற்ற ஆலிம்களின் குலம். ஹாஜி ஸாலிம் ஸுவாரியின் வழியைப் பின்பற்றிய அவ்வட்டாரத்து அறிஞர்கள், பிற சமயத்தார் ஆட்சியிலும் போரைத் தவிர்த்துக் கல்வியைக் காப்பதையே தம் பணியாகக் கொண்டனர். அம்மரபை அறிந்தால், தொழுகை நூல் எழுதியதன் பொருள் விளங்கும். தொழுகை நூல் கற்பிப்பதற்கென எழுதப்படுவது. கற்போர் இருந்தாலன்றி அதற்குத் தேவையில்லை. ஆகவே இச்சுவடி தன்னைச் சுற்றியிருந்த ஒரு ஜமாஅத்துக்கு மறைமுகச் சாட்சியாகிறது. அபூபக்ரைக் கிறிஸ்தவத்தின்பால் ஈர்ப்பதற்கென்று கருதப்பட்ட கபாவின் கடிதம், இறைநாமத்தோடும் நபிகளார் மீதான வாழ்த்தோடும் தொடங்கியதை மாடனே பதிந்துள்ளார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அறிவுரை மடலைக் கபா வைத்திருந்தார் என்றும், 1831–32 கிளர்ச்சியின்போது அவர் மனைவி அச்சத்தால் அதனை அழித்துவிட்டார் என்றும் அறிகிறோம். எழுத்து அங்கே உயிருக்கு ஆபத்தான பொருளாயிருந்தது.

இனி, நாம் தவிர்க்க விரும்பும் ஒரு செய்தி. கபாவின் தந்தை 140 அடிமைகளை உடையவராயிருந்தார் என்று மாடனுக்குக் கிடைத்த குறிப்பு கூறுகிறது. கபாவைச் சட்ட அறிஞராக்க விரும்பிய சிறிய தந்தையும் அவருக்கு இருந்தார். அதாவது அடிமை விடுதலைக்கான ஃபிக்ஹுச் சட்டங்களை ஓதிய குடும்பமே அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தது. அட்லாண்டிக் அடிமைமுறையின் கொடுமை பரம்பரையானது, நிறத்தின் பெயரால் நிலைபெற்றது; இவ்வேறுபாடு உண்மை. ஆயினும் அவ்வேறுபாடு அந்த 140 பேரின் கணக்கைத் தீர்த்துவிடாது. அடிமையை விடுவித்தலைக் கடினமான மலைப்பாதையாகக் காட்டும் வேதத்தை ஓதியோர் அப்பாதையில் எவ்வளவு தொலைவு ஏறினர் என்னும் கேள்வி நம்மை நோக்கியும் எழுகிறது. அந்த 140 பேருள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் எழுதிய நூலும் இல்லை.

ஆகவே கபாவின் சுவடியைப் பெருமைப் பட்டயமாகத் தொங்கவிடுவது அதற்குச் செய்யும் நீதியாகாது. ஆசிரியரின்றி, நூலின்றி, மாற்றப்பட்ட பெயரோடு வாழ்ந்த ஒருவர் பிறருக்குக் கற்பிக்க எழுதிய பாடநூலாக அதனைப் படிக்க வேண்டும். அதன் வழுக்களையும் மௌனங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். எழுதத் தெரியாததால் ஒரு வரியும் விட்டுச்செல்லாத இலட்சக்கணக்கானோர் அதே மண்ணில் கிடக்கின்றனர் என்பதை மறவாமல் படித்தால்தான் அவ்வாசிப்பு முழுமை பெறும்.