எண்ணப்படுதலும் உள்ளடக்கப்படுதலும்: வாஷிங்டன் குழு வினாக்களின் எல்லை

புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய குறிப்பே இல்லை. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 32ஆம் உறுப்பு, பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்கள் அவர்களை உள்ளடக்க வேண்டும் என்றது. 2015இன் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் இயலாமை வாரியாகப் பகுக்கப்பட்ட தரவுகளைக் கோரின. அத்தரவைத் திரட்டப் பரவலாகப் பயன்படுவது, 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு வகுத்த ஆறு வினாக்களின் குறுந்தொகுப்பு.

பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகூர்தல், தன்னைப் பேணுதல், கருத்துப் பரிமாற்றம் ஆகியவற்றில் எவ்வளவு சிரமம் உள்ளது என்றே இவ்வினாக்கள் கேட்கின்றன. இயலாமை என்ற சொல் அவற்றில் இல்லை. அதுவே அவற்றின் வலிமை. 2011ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இயலாமையை வகைப்பெயர் சுட்டிக் கேட்டுப் பெற்ற விகிதம் 2.21 விழுக்காடு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்ட உலக விகிதமோ ஏறத்தாழ 15 விழுக்காடு. இவ்விடைவெளியில் வரையறைக்கும் வினா கேட்கும் முறைக்கும் பெரும்பங்கு உண்டு.

எண்ணுவதற்கென அமைந்த இக்கருவி, திட்ட அறிக்கைகளில் உள்ளடக்கத்திற்கான சான்றாகக் காட்டப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. பயிற்சிக்கு வந்தோரிடம் ஆறு வினாக்களையும் கேட்டு, இத்தனை விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள் என எழுதும் அறிக்கையில் வராதவர்களுக்கு இடமில்லை. படிக்கட்டு மட்டுமே உள்ள மாடியில் நடந்த கூட்டத்தின் தரவு, படியேற முடிந்தவர்களின் தரவு. அவ்வூரின் வீடுவாரிக் கணக்கோடு ஒப்பிடாதவரை அந்த விகிதம் எதையும் மெய்ப்பிக்காது. மனப்பதற்றம், மனச்சோர்வு பற்றிய வினாக்கள் குறுந்தொகுப்பில் இல்லை என்பது தனிக் குறை. குடும்பத் தலைவரே எல்லோருக்குமாக விடை சொல்லும் வழக்கம் வேறு.

பிரிட்டனின் அரசுக் கணக்கெடுப்பு வினாக்களை மைக் ஆலிவர் 1990இல் திருப்பி எழுதிக் காட்டினார். தனிமனிதரிடம் குறை தேடிய வினாக்கள் சமூகத்திடம் குறை தேடுவனவாயின. அந்த அளவுகோலால் பார்த்தால், வாஷிங்டன் குழுவின் வினாக்கள் பாதி வழிதான் வந்துள்ளன: மூக்குக்கண்ணாடி, காதொலிக் கருவி தவிரச் சூழலைப் பற்றி அவை பேசுவதில்லை. பன்னாட்டு ஒப்பீட்டிற்காகச் சுருக்கப்பட்ட வினாக்களிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. மீதி வழி ஆய்வாளர் பொறுப்பு. வினாத்தாள் முழுவதும் முடிவான பின்பே உள்ளூர் மாற்றுத்திறனாளர் அமைப்புகளை அணுகி, பேட்டிக்கு ஆள் திரட்டித் தரக் கேட்பது, உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பு கூறும் கலந்தாலோசனை ஆகாது. வரைவு நிலையிலேயே அவர்கள் அமர்ந்திருந்தால், பேருந்துப் படியின் உயரம், கழிப்பிடம், சைகைமொழி பெயர்ப்பாளர், துணைக்கு வருபவர் இழக்கும் ஒருநாள் கூலி ஆகியவையும் வினாக்களாகியிருக்கும்.