சரளைக்கு அடியில் ஒரு சூட்டுக் கம்பி

செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் வளர்க்கும் மீன்தொட்டி, அமைக்கும்போது எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சம் போதவில்லையா, இன்னொரு விளக்கு மாட்டலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். கட்டையையும் கல்லையும் கையை விட்டு நகர்த்தலாம். அடிமண்ணுக்குள் சூட்டுக் கம்பி போடுவதா என்பதை மட்டும் தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டியாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். முதலில் கம்பி, அதன்மேல் ஊட்டமண், அதன்மேல் சரளை, கடைசியில்தான் தண்ணீர். பிறகு மனம் மாறினால் தோட்டத்தையே பிடுங்க வேண்டியிருக்கும். அந்தக் கலைப்பைக் கிரிப்டோகோரைன் போன்ற நீர்ச்செடி பொறுக்காது. இலைகள் சில நாட்களில் கண்ணாடிபோல வெளிறிக் கூழாகிவிடும்.

இந்தக் கம்பியை உலகெங்கும் பேசவைத்தது ஜெர்மனியின் டூப்ளா நிறுவனம். அதைச் சேர்ந்த காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் இருவரும் எழுதிய ‘தி ஆப்டிமம் அக்வேரியம்’ 1986இல் ஆங்கிலத்தில் வந்தது. நீர்ச்செடிகள் இயற்கையில் வளரும் வெப்பமண்டல ஓடைகளைப் போய்ப் பார்த்து, அங்கே தண்ணீரையும் மண்ணையும் அளந்து, அதையே வரவேற்பறைத் தொட்டியில் கொண்டுவர முனைந்தவர்கள் அவர்கள். ஓடையின் அடியிலிருந்து ஊற்றுநீர் மெல்லக் கசிந்து மேலே வருகிறது, வேர்ப்பகுதி ஒருபோதும் தேங்கிக் கிடப்பதில்லை என்பது அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. கண்ணாடித் தரையில் ஊற்று ஏது? அதற்கு மாற்றாகத்தான் கம்பி.

கூடவே அவர்கள் சரளையில் கலந்தது லேட்டரைட் எனும் செம்புரைக்கல் மண், இரும்பு நிறைந்தது. சென்னையிலிருந்து பயணம் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807இல் அச்சான தன் நூலில் பெயரிட்டுப் பதிந்த அதே கல்வகை. ஜெர்மானியத் தொட்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய செம்மண், மலபார்ப் பக்கத்தில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் கல்லின் உறவு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம்.

கம்பியின் வேலை மிக நுட்பமானது. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் மெல்லிய கம்பியைக் கண்ணாடித் தரையில் வளைத்து வளைத்துப் போடுவார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் நேர் மேலே சரளைக்குள் இருக்கும் நீர் சற்றே சூடாகி ஏறும். இரண்டு வளைவுகளுக்கு இடையே குளிர்ந்த நீர் இறங்கும். இறங்கும் நீர் மேலேயிருந்து அம்மோனியத்தையும் தாதுக்களையும் வேருக்குக் கொண்டுவருகிறது. சரளையில் கலந்த செம்மண்ணின் களி அவற்றைப் பிடித்துவைக்கிறது. கூடவே கொஞ்சம் ஆக்சிஜனும் வந்துசேர்வதால் மண் அழுகி முட்டை நாற்றம் அடிப்பதில்லை. ஆக, இதைச் சூடேற்றி என்பதைவிட நீரோட்டி என்பதே பொருத்தம். பம்பு வைத்தால் நீர் விரைந்து ஓடி மண்ணைக் கழுவிவிடும். இங்கே ஓட்டம் கண்ணுக்கே தெரியாது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் இதைச் சாதித்த அந்த எண்ணத்தின் அழகுக்கு நான் என்றும் ரசிகன்.

ஆனால் அழகு வேறு, தேவை வேறு. தேவையைத் தீர்மானிப்பது சரளைமணியின் பருமனும் தொட்டிக்கு வெளியே இருக்கும் குளிரும். மணியின் விட்டம் பாதியானால் நீர் ஊடுருவும் தன்மை நான்கில் ஒரு பங்காகிவிடும். நைஸ் மணலுக்குள் கம்பி போட்டால் சூடு பரவும், நீர் ஏறக்குறைய நகராது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் சரளை வேண்டும். ஜெர்மன் வீட்டில் அறை 20 டிகிரி, தொட்டி 25 டிகிரி என்றால் கம்பிக்கு ஆண்டின் பெரும்பகுதி வேலை இருக்கும். சென்னையில் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். தெர்மோஸ்டாட் கம்பியை இயக்கவே இயக்காது. மீறி இயக்கினால் மீன்தான் மேலே வந்து வாயைத் திறக்கும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் செடித்தொட்டிக்காரர் கேட்க வேண்டியது மின்விசிறியும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும்.

கம்பியின்றி வேர் என்ன செய்யும் என்பதை வேரிடமே பார்க்கலாம். கண்ணாடியை ஒட்டி இறங்கிய ஒரு கிரிப்டோகோரைன் வெண்டியை வேரை டார்ச் அடித்துப் பாருங்கள். இளவேர் வெள்ளையாக இருக்கும். சற்று முதிர்ந்த இடத்தில் துருநிறப் பூச்சு ஒன்று படர்ந்திருக்கும். இலையில் உருவான ஆக்சிஜனைச் செடி தண்டு வழியே இறக்கி வேரின் ஓரத்தில் கசியவிட்டிருக்கிறது. அது மண்ணில் கரைந்திருந்த இரும்பைத் தொட்டுத் துருவாக்கியிருக்கிறது. அடுத்த விரற்கடையில் மண் கறுத்திருந்தாலும் வேரைச் சுற்றி மெல்லிய செந்நிற உறை. நாற்றங்காலில் நெல்லைப் பிடுங்கியவர்கள் இந்த நிறத்தை அறிவார்கள். சேற்றில் நிற்கும் நெல்லும் இதையேதான் செய்கிறது. வெண்டியை இலங்கையின் ஓடைகளுக்கு உரியது. அதன் உறவான ஸ்பைராலிஸின் கிழங்குதான் நாட்டு மருந்துக்கடையில் நாட்டு அதிவிடயம். சேற்றோடு பழகிய குடும்பம். தன் வேருக்கு வேண்டிய காற்றைத் தானே இறக்கிக்கொள்ளும்.

இந்தத் திறமையை நம்பித்தான் டயானா வால்ஸ்டட் 1999இல் வந்த தன் நூலில், சாதாரணத் தோட்டமண்ணை மெல்லிய அடுக்காகப் போட்டு மேலே சரளை மூடும் முறையை விளக்கினார். ஜப்பானின் நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமனோவும் கம்பியைச் சார்ந்து நிற்கவில்லை. நுண்துளை நிறைந்த எரிமலைக்கல்லை அடியில் பரப்பி, மேலே ஆக்வா சாயில் எனும் ஊட்டமண்ணைப் போட்டார். மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2015இல், லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் 1,60,000 லிட்டர் நீரில் 40 மீட்டர் நீளத் தோட்டம் ஒன்றை அமைத்தார். இவற்றைப் பார்த்த பிறகு கம்பி இல்லாவிட்டால் செடி வளராது என்று யாரும் வாதிட முடியாது. ட்ரம்பெட் நத்தைகள் நாலைந்தை விட்டால் இரவெல்லாம் சரளைக்குள் உழுதுகொண்டே இருக்கும். அது தனி உதவி.

அப்படியானால் எங்கே போடலாம்? ஊட்டியில், கொடைக்கானலில். மார்கழி இரவில் சில்லிட்ட தரைமேல் நிற்கும் தொட்டியில் மேலே ஹீட்டர் நீரைச் சூடாக்க, கீழே சரளை குளிர்ந்து கிடக்கும். சூடு மேலே, குளிர் கீழே என்றால் சரளைக்குள் நீர் துளியும் புரளாது. வேரும் மந்தமாகும். அங்கேயும் நான் முதலில் சொல்வது தொட்டிக்கு அடியில் தடித்த தெர்மகோல் ஷீட். ஐந்தாறு ஆண்டு கலைக்காமல் வைக்கப்போகும் பெரிய தொட்டி, கையளவு ஆழச் சரளை, வேரால் உண்ணும் கிரிப்டோகோரைனும் வாள்செடியும் என்றால் கம்பியையும் போடுங்கள். அதிலும் கொஞ்சச் சூட்டில் நீண்ட நேரம் ஓடும் கம்பியே சரி. சட்டென்று கொதித்து அணைவது வேண்டாம். கம்பி கண்ணாடியைத் தொடாமல் சிறு பிடிப்பான்களில் ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கட்டும். தண்ணீர் ஊற்றும் முன் மல்டிமீட்டர் வைத்து அதன் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கம்பி அறுந்ததா என்று சரளையைக் கிளறாமலே தெரிந்துவிடும்.