பதின்மூன்று இரவுகளும் ஓர் உருளைக்கிழங்கும்

டிசம்பர் 11-ஆம் தேதி இரவு படுக்கப் போகும் முன், ஐஸ்லாந்துக் குழந்தைகள் தங்கள் ஷூ ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்துவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் அதற்குள் ஏதாவது இருக்கும். ஒரு கமலா ஆரஞ்சு, ஒரு மிட்டாய், கையளவு பொம்மை. மறுநாள் இரவும் ஷூ ஜன்னலுக்குப் போகும். இப்படி 24-ஆம் தேதி காலை வரை பதின்மூன்று முறை. கொடுப்பவர்களும் பதின்மூன்று பேர், எல்லோரும் அண்ணன் தம்பிகள். நாளுக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கி வருவார்கள். 25-ஆம் தேதியிலிருந்து வந்த வரிசையிலேயே திரும்பத் தொடங்கி, ஜனவரி 6-ல் கடைசி ஆளும் மலையேறிவிடுவார். இவர்களுக்கு யோலாஸ்வேய்னர் என்று பெயர்.

குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸின் மாயம் கலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கவலை இன்று பல நாட்டுப் பெற்றோருக்கும் உண்டு. அந்தக் கவலையை வைத்து பெரிய வியாபாரமே நடக்கிறது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் நல்ல வழக்கத்தோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இந்தப் பதின்மூன்று பேரும் ஆதியில் கொடைவள்ளல்கள் அல்லர், திருடர்கள். ஒருவன் கரண்டியை நக்குவான், ஒருவன் பாத்திரத்தின் அடியைச் சுரண்டித் தின்பான். ஒருவன் தயிர் போன்ற ஸ்கீரை வாரி விழுங்குவான், ஒருவன் இறைச்சியைக் கொக்கி போட்டுத் தூக்குவான். ராத்திரியில் கதவைப் படாரென்று சாத்துவதே ஒருவனுக்கு வேலை. கடைசியாக 24-ஆம் தேதி வருபவன் குழந்தைகளின் பின்னாலேயே போய் மெழுகுவத்தியைப் பறிக்கப் பார்ப்பான். அந்தக் காலத்து மெழுகுவத்தி ஆட்டுக் கொழுப்பில் செய்தது. வெளிச்சமும் தரும், பசித்தால் தின்னவும் செய்யலாம். டிசம்பரில் ரெய்க்யவிக்கில் நான்கைந்து மணி நேரம்தான் பகல். அந்த இருட்டில் ஒரு குழந்தைக்குச் சொந்தமாக ஒரு மெழுகுவத்தி கிடைப்பது எவ்வளவு பெரிய பரிசு என்பதை, அதைத் திருட வருபவனை வைத்தே அந்த மக்கள் சொல்லிவிட்டார்கள். குளிர்கால வறுமையின் மொத்தக் கணக்கும் இந்தப் பெயர்களில் இருக்கிறது.

இவர்களின் தாய் க்ரீலா, குறும்புக்காரப் பிள்ளைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சமைத்துத் தின்னும் அரக்கி. அவள் வீட்டுப் பூனை, கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை கிடைக்காதவர்களை விழுங்கிவிடும். பண்டிகைக்கு முன் கம்பளி வேலையை முடித்தவர்களுக்கே புது உடுப்பு என்பதால், பூனை யாரை விரட்டியது என்பது புரிகிறது. இந்தக் கதைகள் பிள்ளைகளை எவ்வளவு நடுங்க வைத்திருக்கும் என்பதற்கு அரசு ஆவணமே சாட்சி. 1746-இல், ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு, இப்படிப்பட்ட பூதங்களைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று ஆணையிட்டது.

இன்று நாம் காணும் பதின்மூன்று பேருக்கு வடிவம் கொடுத்தவர் யோகான்னஸ் ஊர் கோத்லும் என்ற கவிஞர். பேரும் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த கூட்டத்தை, 1932-இல் வெளியான குழந்தைப் பாடல் நூலில் அவர் ஒரு வரிசையில் நிறுத்தினார். அந்த வரிசையே நிலைத்தது. ஜன்னலில் ஷூ வைக்கும் வழக்கமும் அவ்வளவு பழையதல்ல; ஐரோப்பாவின் புனித நிக்கோலஸ் வழக்கத்திலிருந்து வந்து 20-ஆம் நூற்றாண்டில் பரவியது. பழமை என்று நினைக்கப்படும் பல பண்டிகை வழக்கங்களின் வயது இவ்வளவுதான். அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. ஒரு வழக்கத்தைத் திருத்தி அமைக்கும் உரிமை நமக்கும் உண்டு என்ற தைரியத்தைத்தான் இது தருகிறது.

இதில் முதல் சிறப்பு, பரிசின் சிறுமை. ஷூவுக்குள் அடங்குவதுதான் பரிசு. அந்த அளவு பெற்றோரின் பையையும் காப்பாற்றுகிறது, பிள்ளையின் மனதையும் காப்பாற்றுகிறது. ஒரே காலையில் இருபது பொட்டலங்களைப் பிரிக்கும் குழந்தைக்கு ஐந்தாவது பொட்டலத்திலேயே ஆர்வம் தளர்ந்துவிடும். இங்கே ஒரு நாளைக்கு ஒன்று என்பதால், அந்த ஒன்றையே பகல் முழுவதும் கையில் வைத்துக்கொண்டு திரியும். இரண்டாவது சிறப்பு, வருபவர்களின் குணம். சாண்டா போன்ற குற்றமே இல்லாத ஒரு தாத்தாவை நேசிப்பதைவிட, பாத்திரம் சுரண்டித் தின்பவனை நேசிப்பது குழந்தைக்கு எளிது. அவனிடம் அது தன்னையே பார்க்கிறது.

குறை எங்கே வருகிறது என்றால், உருளைக்கிழங்கில். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையின் ஷூவில் பரிசுக்குப் பதில் உருளைக்கிழங்கு இருக்கும். பல வீடுகளில் இது வெறும் பயமுறுத்தல்தான், சில வீடுகளில் உண்மையிலேயே வைத்துவிடுகிறார்கள். பண்டிகையை இப்படிப் பிரம்பாக மாற்றுவது மன்னிக்க முடியாத சோம்பேறித்தனம். முந்தின நாள் மாலை தம்பியை அடித்த ஆறு வயதுப் பிள்ளை, காலையில் ஓடிவந்து ஷூவுக்குள் கைவிட்டுக் கிழங்கை எடுக்கும்போது, தப்பைப் புரிந்துகொள்வதைவிட அவமானத்தைத்தான் அதிகம் உணரும். அதுவும் கோபித்தவர் அப்பாவோ அம்மாவோ இல்லை, சமாதானம் பேச முடியாத யாரோ. வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை மலைவாசி ஒருவன் தலையில் கட்டுவது பெற்றோருக்கு வசதி, பிள்ளைக்கு அநீதி.

அமெரிக்கா இதே தவறை இன்னும் பெரிதாகச் செய்கிறது. 2005-இல் ஒரு புத்தகத்தோடு சேர்த்து விற்பனைக்கு வந்த ‘எல்ஃப் ஆன் த ஷெல்ஃப்’ பொம்மை, அலமாரியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து இரவுதோறும் சாண்டாவிடம் போய்ச் சொல்லுமாம். எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது இயல்பு என்று இது குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது என 2014-இல் கனடாவின் ஆய்வாளர் லாரா பின்ட்டோ எச்சரித்தார். பெற்றோருக்கோ இது டிசம்பர் முழுக்க இன்னொரு இரவு வேலை.

இரண்டாவது குறை ஏற்றத்தாழ்வு. ஒரே ஆள்தான் ஊர் முழுக்கப் போகிறான் என்றால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு விலையுயர்ந்த பொம்மையும் தனக்கு ஒரு பழமும் ஏன் என்ற கேள்வி வகுப்பறையில் எழும். பணமில்லாத வீட்டுப் பிள்ளை தன்னிடம்தான் குறை என்று முடிவுகட்டும். நடத்தைக்கேற்ற பரிசு என்று முன்பே சொல்லிவைத்திருந்தால் அந்த முடிவு தப்பவே தப்பாது. சின்னப் பரிசு என்ற எல்லையை எல்லா வீடுகளும் மதித்தால்தான் ஷூவின் அழகு நிற்கும்.

இப்படி யாரோ வருகிறார்கள் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லலாமா என்ற பழைய கேள்வி அவ்வளவு பயங்கரமானதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ஆண்டர்சனும் நார்மன் ப்ரென்டிஸும் சாண்டா உண்மையில்லை என்று தெரிந்துகொண்ட 52 குழந்தைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் பேசி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதையொட்டித் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்கள்தான். துப்பறிந்து கண்டுபிடித்ததில் பிள்ளைக்குக் கிடைக்கும் பெருமிதத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். சந்தேகப்பட்டுக் கேட்கும் பிள்ளையிடம் அடித்துப் பேசி நம்பவைக்க முயல்வதுதான் தவறு. கேட்டுவிட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, தங்கையின் ஷூவை நிரப்பும் வேலையை அதனிடமே கொடுத்துவிடலாம்.

நம்பிக்கையே தேவைப்படாத ஒரு வழக்கமும் அதே நாட்டில் உண்டு. வடக்கு ஐஸ்லாந்தில் செழித்த லாய்வாப்ராய்த் என்ற இலை ரொட்டி அது. மாவு அரிதாக இருந்த காலத்தில் பிறந்ததால், மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் ஒருநாள் குடும்பம் கூடி உட்கார்ந்து, சின்னக் கத்தியாலோ பித்தளை உருளையாலோ வட்ட மாவில் கோணக் கீறல்கள் போட்டு, ஒவ்வொரு கீறலின் நுனியையும் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக மடிப்பார்கள். பிறகு சூடான கொழுப்பில் நொடிகளில் பொரித்து எடுப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கோணல்மாணலான கீறலும் பொரித்தால் பூவாகத்தான் விரியும். பண்டிகையை மாயமாக்கப் பெரியவர்கள் இரவெல்லாம் ஒளிந்து வேலை செய்யத் தேவையில்லை என்பதற்கு இந்த ரொட்டி ஆதாரம். ஷூவின் காலம் ஏழெட்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். கத்தியைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த மேசையில் எண்பது வயதிலும் இடம் உண்டு.