வேகத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது

1964 ஜனவரியில் பேடி ஹாப்கிர்க்கும் ஹென்றி லிடனும் சிவப்பு நிற மினி கூப்பர் எஸ் காரில் மான்டி கார்லோ ராலியை வென்றார்கள். அன்றிலிருந்து அதைச் சுண்டெலி யானையைச் சாய்த்த கதையாகவே சொல்லி வருகிறார்கள். ஒரு பக்கம் 1,071 சிசி எஞ்சினும் பத்தடி நீளமும் பத்து அங்குலச் சக்கரமும் கொண்ட குட்டி வண்டி. இன்னொரு பக்கம் 4.7 லிட்டர் வி8 எஞ்சினோடு போ யுங்ஃபெல்ட் ஓட்டிய ஃபோர்டு ஃபால்கன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரம் வேறு கதை சொல்கிறது. மலைப்பாதைச் சுற்றுகளில் வேகமாக ஓடியது ஃபால்கன்தான். மினியை மேலே தூக்கியது ஹேண்டிகேப் கணக்கு. எஞ்சினின் அளவைப் பார்த்து ஓட்ட நேரத்தைத் திருத்தும் அந்தக் காலத்து விதி சின்ன வண்டிகளுக்குச் சாதகமாக இருந்தது.

ஹாப்கிர்க்கின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பனி மூடிய டுரீனி கணவாயில் அத்தனை பெரிய வண்டிக்கு அவ்வளவு நெருக்கமாக ஒரு மினியை ஓட்டுவது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 1961இல் முதல் மூன்று இடங்களையும் பன்ஹார்டு பிஎல் 17 கார்கள் பிடித்தன. 1962, 1963 இரண்டிலும் எரிக் கார்ல்சன் ஓட்டிய சாப் 96, வெறும் 841 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. அடுத்து மினி. இத்தனை குட்டி வண்டிகள் அடுத்தடுத்து ஜெயித்தது தற்செயல் அல்ல. விதி ஒரு பக்கம் கைகொடுத்தது, மறுபக்கம் பனி. ஐஸ் பிடித்த சாலையில் 200 குதிரைசக்தி இருந்து என்ன பயன்? பின்சக்கரம் சும்மா சுழலும். அந்த மூன்று கார்களிலும் எஞ்சின் எடை முழுவதும் இழுக்கிற முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

விதியின் துணை பெரிதாகத் தேவைப்படாத வெற்றி என்றால் அது 1965. டிமோ மாக்கினென், பால் ஈஸ்டர் ஜோடி. 237 கார்கள் புறப்பட்டதில் பனிப்புயலைத் தாண்டி மான்டி கார்லோவை எட்டியவை 35 மட்டும்தான். சாலைப் பிரிவில் ஒரு அபராதப் புள்ளிகூட வாங்காதவர் மாக்கினென் ஒருவரே. மினியின் ஆகச் சிறந்த ஓட்டம் எது என்று கேட்டால், புகழ்பெற்ற 1964ஐ விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

1966 விவகாரம் பலருக்கும் தெரிந்ததே. முதல் மூன்று இடங்களையும் பிடித்த மினிகளை முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கம் செய்தார்கள். பாவ்லி டொய்வோனெனின் சிட்ரோயனுக்குப் பட்டம் போனது. ஹில்மன் இம்ப் என்ற இன்னொரு குட்டிக் காரில் பெண்கள் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ரோஸ்மேரி ஸ்மித்தும் அதே விளக்கு விதியில் அடிபட்டார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு ராவ்னோ ஆல்டோனென், லான்சியா ஃபுல்வியாவை 13 நொடியில் முந்தி மினிக்கு மூன்றாவது பட்டத்தைத் தந்தார். 1968இல் விக் எல்ஃபோர்ட் போர்ஷே 911இல் வந்து வென்றதோடு மினியின் காலம் முடிந்தது.

இத்தனை பழங்கதை எதற்கென்றால், அதே மலைகளில், அதே கார்களில், இன்றும் போட்டி நடக்கிறது. மொனாக்கோ ஆட்டோமொபைல் கிளப் 1998இல் தொடங்கிய பழைய கார்களுக்கான மான்டி கார்லோ ராலி. நடப்பது பனிக்காலத்தில்தான். ஆனால் இங்கே வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. குறித்த சராசரி வேகத்தை நொடி பிசகாமல் காப்பாற்ற வேண்டும். முந்தி வந்தாலும் அபராதம், பிந்தி வந்தாலும் அபராதம். எந்த இடத்தில் நேரம் பார்ப்பார்கள் என்பது ரகசியம். நம் ஊரில் டிஎஸ்டி ராலி என்ற பெயரில் நடப்பதும் இதே வகைதான். சாலையை மூடுவதில்லை. வளைவு திரும்பினால் எதிரே பனி தள்ளும் வண்டி நிற்கலாம்.

சராசரி 50 கிலோமீட்டரைத் தாண்டாது என்றதும், "அவ்வளவுதானா, இதற்குக் குட்டிக் கார் தாராளம்" என்று தோன்றும். தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணிக்கு 48 கிலோமீட்டர் சராசரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 75 நொடி. கைகாட்டியைத் தவறவிட்டுத் திரும்பி வந்ததில் 30 நொடி போய்விட்டது. ரகசியச் சோதனை எங்கே இருக்கும் என்று தெரியாததால் இரண்டே கிலோமீட்டருக்குள் அதை ஈடுகட்டியாக வேண்டும். 150 நொடியில் கடக்க வேண்டிய தூரத்தை 120 நொடியில் கடக்க, சராசரி 60 வேண்டும். போர்ஷேக்காரர் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் தீர்ந்தது. 848 சிசி, 34 குதிரைசக்தி உள்ள 1959 மாடல் மினியில், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஏற்றத்தில், அது நடக்காது. ஏற்றத்தில் 48ஐப் பிடிப்பதற்கே அந்த வண்டி தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டிருக்கும். குட்டி வண்டிக்குக் கையிருப்பு இல்லை என்பதுதான் அதன் உண்மையான பலவீனம். தவறு செய்ய அதற்கு அனுமதி இல்லை.

கொண்டை ஊசி வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968க்கு முந்தைய மினிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. இரண்டாவது கியரிலேயே வளைவில் நுழைந்தால் எஞ்சின் திணறும், வெளியே வரும்போது வேகம் செத்திருக்கும். முதல் கியருக்கு இறக்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினை உறுமவிட்டு, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். இதற்குள் ஸ்டியரிங்கும் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். பழகிய கை என்றால் வண்டி இழுவை குறையாமல் மேலேறும். பழகாத கை என்றால் கியர்ப் பெட்டி அலறுவது அடுத்த வளைவு வரை கேட்கும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு நொடி விட்டால் பத்து வளைவில் இருபது நொடி. அதைத் திரும்ப எடுக்க எஞ்சினில் எதுவும் மிச்சமில்லை.

டிரைவரைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் முக்கியம் என்று நான் சொல்வதும் இதனால்தான். மடியில் ரோடு புக், முன்னே ட்ரிப் மீட்டர், ஸ்டாப் வாட்ச். "மூணு செகண்ட் லேட்... ரெண்டு... சரியா இருக்கு, அப்படியே பிடி" என்று ராத்திரி முழுக்க ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ட்ரிப் மீட்டர் அரை சதவீதம் பிசகினால் 20 கிலோமீட்டரில் 100 மீட்டர் பிசகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏழு நொடிக்குச் சமம். டிரைவர் கச்சிதமாக ஓட்டியும் ஏழு நொடி அபராதம்! மினி போன்ற முன்சக்கர இழுவை வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனியில் முன்சக்கரம் வழுக்கிச் சுழன்றால், வண்டி நகராமலே மீட்டர் ஓடும். விவரம் தெரிந்தவர்கள் மீட்டரின் சென்சாரைப் பின்சக்கரத்தில் மாட்டுவார்கள். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளை நம்பிப் போகிறவர்களை பனி மூடிய முதல் சரிவிலேயே தனியாகத் தெரியும்.

குட்டிக் காருக்குச் சாதகங்களே இல்லையா என்றால், உண்டு. ஒடுங்கிய மலைச்சாலையில் எதிரே வண்டி வந்தால் பெரிய கார் நின்று ஒதுங்கும். மினி நிற்காமலே நழுவிவிடும். பிரேக்கும் டயரும் சுமக்கும் பாரம் குறைவு. நான்கு மூலைகளிலும் சக்கரம், அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் சஸ்பென்ஷன், குறைந்த எடை. இறக்கத்தில் வேகத்தை இழக்காமல் திரும்பும். ஏற்றத்தில் விட்ட நொடிகளை இறக்கத்தில் எடுக்கலாம் என்பது உண்மைதான், வழியில் சோதனை வராமல் இருந்தால்.

வண்டியின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இடம் மிச்சமானது. ஆனால் பத்து அங்குலச் சக்கரத்தில் அந்தத் தொட்டி தரைக்கு மிக அருகில் தொங்குகிறது. கெட்டியான சம்ப் கார்டு இல்லாமல் கிளம்பினால், ஒரு கல்லில் எஞ்சின், கியர் இரண்டின் எண்ணெயும் ஒன்றாகப் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் மழைத் தண்ணீரும் உருகிய பனியும் நேராக அதில் அடித்து எஞ்சின் நின்றுவிடும். இதற்கு மினிக்காரர்கள் கண்ட வைத்தியம் ரப்பர் கையுறை. விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு பிளக் வயரை விட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் மாட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து எஞ்சினை முறுக்கேற்றிவிட்டு இந்தக் கையுறையை மறந்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: குட்டிக் காரில் ராலியை முடிப்பது மட்டும் அல்ல, நல்ல இடத்திலும் முடிக்கலாம். ஆனால் ஹாப்கிர்க்குக்குக் கைகொடுத்த ஹேண்டிகேப் போல ஒன்றை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பழைய பியட்டையோ ஹெரால்டையோ டிஎஸ்டி ராலிக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். சராசரியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு கொடுத்தால் கூச்சப்படாமல் குறைந்ததை எடுங்கள். கையில் இருக்கும் பணத்தை கார்புரேட்டரில் போடுவதற்கு முன் நல்ல ட்ரிப் மீட்டரில் போடுங்கள். கிளம்புவதற்கு முன் அதை அளந்த தூரத்தில் ஓட்டிச் சரிபாருங்கள், போட்டியில் போடப்போகும் அதே டயரோடு, அதே காற்றழுத்தத்தோடு.