கூட்டுத் தொட்டிக்கு எந்தப் பல்லி?

செடிகள் அடர்ந்த கண்ணாடித் தொட்டியில் ஏறுபல்லிகளைக் கூட்டமாக வளர்க்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் எந்த இனத்தை விடுவது என்ற தேர்வு பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே நடக்கிறது. என் ஆட்சேபம் அங்கேதான் தொடங்குகிறது. கூட்டமாக இருக்க வேண்டும் என்று விரும்புவது வளர்ப்பவர்தான். பெரும்பாலான பல்லிகளுக்கு அந்த விருப்பம் கிடையாது.

மடகாஸ்கரின் பெரிய பகல்பல்லியையே எடுத்துக்கொள்வோம். பளிச்சென்ற பச்சை, முதுகில் சிவப்புப் பொட்டுகள், ஏறக்குறைய ஓரடி நீளம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டை நிச்சயம். காட்டில் தோற்றது வேறு மரத்துக்கு ஓடிவிடும். கண்ணாடிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. பிடித்தாலே கிழியும் தோல் வேறு. நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லி சாதுவாகத் தெரியும். அழிந்துவிட்டதாக நம்பப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட அது, இன்று பண்ணைகளிலேயே ஏராளமாகப் பிறக்கிறது. காட்டிலிருந்து பிடிக்கத் தேவையில்லை என்பது பெரிய நன்மை. ஆனாலும் அதன் ஆண்களும் ஒன்றையொன்று பொறுக்காது. சண்டையில் போன வால் அதற்குத் திரும்ப முளைப்பதுமில்லை.

செடிகள் இந்தச் சண்டையைத் தணிக்கும் என்பார்கள். பாதி உண்மை. மணி பிளான்ட்டும் புரோமிலியாடும் ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்றை மறைக்கின்றன. ஈரப்பதம் நிற்பதால் தோல் சுத்தமாக உரிகிறது. உரியாத தோல் விரலை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே போய்விடும், ஏறுபல்லிக்கு அது பேரிழப்பு. ஆனால் அதே அடர்த்தி, உணவுக்கு வரவிடாமல் விரட்டப்பட்டு இளைத்துக்கொண்டிருக்கும் பல்லியையும் மறைத்துவிடுகிறது. வெற்றுத் தொட்டியில் உடனே கண்ணில் படும் மெலிவு, இலைகளுக்குள் காலம் கடந்துதான் தெரியவரும். இந்த வளர்ப்பு முறையின் மிகக் கடுமையான குறையாக நான் கருதுவது இதைத்தான்.

தான்சானியாவின் கிம்போசா காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தாழை இன மரங்களில் வாழும் சிறிய நீலப்பல்லி இன்னொரு எச்சரிக்கை. அதன் ஆணின் நீலத்துக்கு ஆசைப்பட்ட சந்தைக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்துப் பிடித்தார்கள். 2016-இல் அது, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று ஆவணத்தோடு சொல்ல முடியாத பல்லியை, எவ்வளவு அழகானாலும், வாங்கக் கூடாது. இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு: 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களைப் பதிவு செய்தாக வேண்டும்.

என் தேர்வு நிறமே இல்லாத ஒன்று. பசிபிக் தீவுகள் முதல் இலங்கை வரை பரவியிருக்கும், விரல் நீளமே உள்ள பழுப்புநிற மோர்னிங் கெக்கோ. எல்லாம் பெண்கள், ஆணின்றியே முட்டையிடும், குஞ்சு தாயின் நகல். ஆண்களின் சண்டை என்ற பிரச்சினையே எழுவதில்லை. அதற்காக முழு அமைதி என்று எண்ணிவிட வேண்டாம்: மூத்தவை அதட்டும், வாலைக் கடிக்கும், சில வேளைகளில் குஞ்சுகளைத் தின்றும்விடும். பழக்கூழும் சிறு ஈக்களும் உணவு. கழுத்தின் இருபுறமும் வெண்ணிறமாகப் புடைக்கும் பைகள் சுண்ணாம்புச் சத்தின் இருப்பைக் காட்டிவிடும். இலைகளுக்கு நடுவே நலம் அறிய இவ்வளவு எளிய அடையாளம் கிடைப்பது அரிது.

இதன் குறையும், ஆணின்றியே பெருகும் அதே வரத்திலிருந்தே பிறக்கிறது. இரண்டிரண்டாக இடும் முட்டைகளைக் கண்ணாடியிலும் தண்டிலும் ஒட்டிவிடும், பெயர்த்தால் உடையும். மூன்றை விட்டவரின் தொட்டி மூன்றோடு நிற்காது. வெப்பமான ஊரில் தப்பிய ஒன்றே ஒரு குடியை நிறுவப் போதும். எனவே தொட்டியின் மூடி, ஈக்குஞ்சும் நுழையாத வலையாக இருக்கட்டும். ஒளிவதற்கு மூங்கில் குழாய்களை வைத்தால் முட்டைகள் பெரும்பாலும் அவற்றுக்குள் விழும். குழாயோடு எடுத்து உறையவைத்துவிடலாம். அதைச் செய்ய மனம் வராதவர், பெருகும் குஞ்சுகளை ஏற்கும் வளர்ப்பாளர்களை முதல் பல்லியை வாங்கும் முன்பே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.