ஜார்ஜ் டவுன் கடைவீடுகள்: அடடா, என்ன வீடுகள்!

பினாங்குக்குப் போனால் கொடிமலை ஏறுவார்கள், நாசி கண்டார் சாப்பிடுவார்கள். நானும் செய்தேன், குறையில்லை. ஆனால் என்னை அப்படியே சொக்க வைத்தவை ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள்!

கீழே கடை, மேலே குடித்தனம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. ஒரு வீட்டின் வலச்சுவர்தான் அடுத்த வீட்டின் இடச்சுவர். உத்திரங்கள் சுவருக்குச் சுவர் ஓடுவதால் மரத்தின் நீளத்துக்குமேல் வீட்டை அகலமாக்க முடியாது. என்ன இவ்வளவு குறுகல் என்று உள்ளே நுழைந்தால் வீடு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது! பொதுச்சுவர் கூரையைத் தாண்டியும் எழும்பியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தீ தாவிவிடக் கூடாதே.

பக்கச்சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால் நடுவில் திறந்த முற்றம். நான் தங்கிய விடுதியும் பழைய கடைவீடுதான். மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் கொட்டி, கருங்கல் பாவிய பள்ளத்தில் தெறித்து, மூலைத் துவாரத்தில் சுழித்து வடிந்தது. நான் ஒரு பாகம் தள்ளி நாற்காலியில், கையில் கோப்பியுடன், மேலே ஒரு சொட்டுப் படாமல்! வெயிலில் வெந்த உடம்புக்கு அந்தக் காற்று தந்த சுகத்தைச் சொல்லி மாளாது.

வாசலில் 'ஐந்தடி'. ஒவ்வொரு வீடும் தன் முன்பகுதியைப் பொதுவழிக்கு விட்டுக்கொடுக்க, கூரை போட்ட நடைபாதை தெரு நெடுக ஓடுகிறது. சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் அந்நகருக்கு விதித்த ஏற்பாடும் இதுதான். பெயர்தான் ஐந்தடி, மோட்டார் சைக்கிளும் சாப்பாட்டு மேசையும் போக இரண்டடி மிஞ்சினால் உங்கள் அதிர்ஷ்டம். மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினால் பூச்சரம், ஊதுவத்தி, நம் பாட்டு. பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்தியதும் இத்தகைய வீடுகளில்தான்.

இத்தனையும் இடிபடாமல் தப்பியதற்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 2000இல் அது நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. இன்று பல வீடுகள் கஃபேயும் விடுதியுமாக மாறிவிட்டன. அதில் எனக்கு வருத்தம்தான், நானும் அந்த விடுதியில்தான் தங்கினேன் என்றாலும்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிள் ஓவியத்தோடு படமெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் அந்த நேரத்தில் ஐந்தடியில் நடங்கள். அறை பிடிக்கும்போது முற்றம் உள்ள கடைவீடா என்று கேட்டுப் பிடியுங்கள்.